குழந்தை காத்திருக்குமா?

(முன்னாள் மாணவி, செவிலியர்)



ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்குப் பால்கோவாதான் நினைவுக்கு வரும். நமக்கோ பதினொரு நிலைக் கோபுரமும், ஆடிப்பூரத் தேரும், ஆண்டாளும் நினைவுக்கு வருவார்கள். அந்த ஆண்டாளின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று என்றேனும் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? ஒரு நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில், பெற்றவர் யாரென்று தெரியாத பெண் குழந்தையாக அவர் கண்டெடுக்கப்பட்டார் என்பதே வழிவழியாக வரும் வரலாறு. பூப்பறிக்க வந்த பெரியாழ்வார், யார் பெற்ற பிள்ளையோ என்று ஒதுங்கிப் போகவில்லை. எடுத்தார், கோதை என்று பெயரிட்டார், தம் மகளாகவே வளர்த்தார். கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டுப் பாடிய அந்தப் பெரியவருக்கு, கையில் கிடைத்த குழந்தையைத் தாலாட்டவா தெரியாது?

மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றதும் இதற்கு அயலானதன்று. நாணற் கூடையில் வைத்து நைல் நதியோரம் விடப்பட்ட மோசேயை எடுத்து வளர்த்தவள் எகிப்து மன்னனின் மகள். நாம் வணங்கும் புனித சூசையப்பர் இயேசு பாலனின் வளர்ப்புத் தந்தை. பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாகக் கொள்வதில் இழிவு இல்லை, பெருமையே உண்டு என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அக்காலத்துக் கதைகளில் ஒரு வசதி இருந்தது. கண்டெடுத்தவர் அன்றே தாயாகிவிடலாம், தந்தையாகிவிடலாம். இன்று அப்படி முடியாது, முடியவும் கூடாது. இடையே சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, கோப்பு இருக்கிறது. அந்த இடைக்காலத்தில் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செவிலியர் பயிற்சி பெற்று, நம் பகுதி மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அங்கே நான் கண்ட இரண்டு குழந்தைகளின் கதை இது. அவர்களின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் இடம் தராது. ஆகவே முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை என்றே சொல்கிறேன்.

கண்மாய்க் கரையில் கிடைத்தவள்

2018-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரவு ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் இருவர், கண்மாய்க் கரையில் வேலிக்கருவை மறைவிலிருந்து பூனை கத்துவதுபோல் ஒரு சத்தத்தைக் கேட்டார்கள். போய்ப் பார்த்தால் மஞ்சள் பைக்குள் பழைய சேலையில் சுற்றிய ஒரு பெண் குழந்தை. 108 ஊர்தியில் எங்களிடம் வந்தபோது அவள் உடல் சில்லிட்டிருந்தது. கழுத்தோரம் எறும்பு கடித்த தடிப்புகள். தொப்புள்கொடி தையல் நூலால் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியை நூலால் கட்டத் தோன்றிய அந்தக் கைக்கு, குழந்தை சாகவேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்காது. பிறகு ஏன் அங்கே விட்டுச் சென்றாள்? குழந்தையின் முகத்தைத் துடைத்தபோது ஒரு காரணம் விளங்கியது. மேலுதடு பிளந்திருந்தது, உள்ளே அண்ணமும் பிளந்திருந்தது.

எடை 2 கிலோ 100 கிராம். வார்மரில் வைத்துச் சூடேற்றினோம். இத்தகைய குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சங்கால் சொட்டுச் சொட்டாகப் பாலைப் புகட்டினோம். ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பதினைந்தாம் நாள் அவள் எடை ஏறத் தொடங்கியது. அதன்பின் குழந்தைகள் நலக்குழுவின் ஆணைப்படி, வெளியூரிலுள்ள தத்தெடுப்பு இல்லம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டாள். அவ்வில்லத்தார் சிகிச்சைக்காக அவளை அழைத்து வரும்போதெல்லாம் நான் பார்த்ததும் கேட்டதுமே இனிச் சொல்லப்போவது.

கைவிடப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும். பெற்றோரைத் தேட வேண்டும். நாளிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காவல்துறையின் அறிக்கை பெற வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சட்டப்படி தத்துக்கு உரியவள் என்று இரண்டு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். எங்கள் குழந்தைக்கு அந்த இரண்டு மாதம் ஐந்து மாதமாயிற்று. பெற்றோரைக் கண்டறிய இயலவில்லை என்ற ஒரே வரி அறிக்கை வந்து சேராததுதான் காரணம்.

அதன்பின் நம் நாட்டுத் தம்பதியர் இருவர் அடுத்தடுத்து அவளுடைய விவரங்களைப் பார்த்தார்கள். இருவரும் வேண்டாமென்றார்கள். இத்தனைக்கும் உதட்டைத் தைத்துச் சரிசெய்திருந்தார்கள். மெல்லிய கோடு ஒன்றுதான் மிச்சம். இந்தியாவில் தத்துக்குப் பதிவு செய்துவிட்டு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோர் காத்திருக்கிறார்கள். நலமான பச்சிளங்குழந்தைக்காக மூன்று ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்கிறார்கள். ஆனால் சிறு குறையுள்ள குழந்தை எதிரே வந்தால் அவர்களில் பலருடைய கைகள் பின்வாங்குகின்றன. இத்தகைய குழந்தைகளுக்கும், உடன்பிறப்போடு இருப்பவர்களுக்கும், ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கும் வெளிநாட்டுத் தத்தில் முன்னுரிமை தரலாம் என்று சட்டமே சொல்கிறது. 2024–25-இல் நம் நாட்டில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 4,515 பேர். அவர்களில் 4,155 பேர் நாட்டுக்குள்ளேயே பெற்றோரைக் கண்டார்கள். கடல் கடந்து சென்ற எஞ்சியவர்களில் பலர் இங்கே நாம் வேண்டாமென்றவர்கள்.

2019-ஆம் ஆண்டின் நடுவில், இத்தாலி நாட்டுத் தம்பதியர் ஒருவர் அவளுடைய புகைப்படத்தைப் பார்த்து, “இவளே எங்கள் மகள்” என்று எழுதி அனுப்பினார்கள். உடன் ஒரு படத்தொகுப்பும் ஒரு சிவப்புக் கவுனும் வந்தன. ஒரு வயதுக் குழந்தைக்கு ஏற்ற கவுன் அது.

பிறகு கோப்பு நகர்ந்த கதையைக் கேளுங்கள். மருத்துவமனைச் சான்றில் ஒரு பிறந்த தேதி. குழுவின் ஆணையில் வேறொரு தேதி. ஒரே ஒரு நாள் வேறுபாடு. பிறந்த நாள் தெரியாத குழந்தைக்கு இரண்டுமே ஊகம்தான். ஆயினும் திருத்தம் பெற மூன்று மாதம் ஓடிற்று. மனு நீதிமன்றத்துக்குப் போனது 2020 பிப்ரவரியில். மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது, நீதிமன்றங்கள் மூடின, விமானங்கள் நின்றன. அது யார் குற்றமும் அன்று. ஆனால் நீதிமன்றம் திறந்தபோது அத்தம்பதியரின் மருத்துவச் சான்று காலாவதியாகியிருந்தது. அது புதிதாக வந்தபோது இங்கே வேறொரு தாள் பழையதாகியிருந்தது. ஆணை கிடைத்தது 2021-இன் இறுதியில். கடவுச்சீட்டும் விசாவும் பெற்று அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டது 2022 ஜனவரியில்.

அந்தச் சிவப்புக் கவுனை அவள் ஒருநாள்கூடப் போடவில்லை. அது வந்து, அனுமதி கிடைத்து, பெற்றோர் வரும் முன்பே அவள் அதைவிட வளர்ந்துவிட்டாள். இல்லத்தில் வேறொரு குழந்தை போட்டுக் கிழித்தது. ஊரடங்கால் அண்ண அறுவை சிகிச்சையும் தள்ளிப்போனதால் பேச்சும் தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் தமிழாக வந்தது. தண்ணி, அத்தை, நிலா, எனக்கு என்றெல்லாம் மூக்கால் பேசுவாள். படத்தொகுப்பைப் புரட்டி, “எங்கம்மா எப்ப வரும்?” என்று இல்லத்துப் பெண்களைக் கேட்பாளாம். ஆறு மாதக் குழந்தையாகப் போயிருந்தால் அவளுக்கு இழக்க ஒரு மொழி இருந்திராது. பிரிய ஓர் அத்தை இருந்திருக்க மாட்டாள். மூன்று வயதும் மூன்று மாதமும் ஆனவள், விமான நிலையத்துக்குப் புறப்பட்டபோது இல்லத்து ஆயாவின் சேலையை விடவே இல்லையாம். கோப்புக்கு அது மூன்றாண்டுத் தாமதம். அவளுக்கோ அது அதுவரை வாழ்ந்த வாழ்வு முழுவதும்.

ஒப்படைக்கப்பட்டவள்

இரண்டாம் குழந்தை 2023-இல் எங்கள் வார்டிலேயே பிறந்தாள். தாய்க்கு 19 வயது, மணமாகவில்லை. உடன் வந்த அவளுடைய தாயார் முகத்தை மூடிக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் வார்டுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். பிள்ளையில்லாத நல்ல குடும்பம் ஒன்று இருக்கிறது, சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம், செலவுக்குப் பணமும் தருவார்கள் என்று அந்த அம்மாளிடம் மெதுவாகப் பேசினார். தங்கையரே, இது உதவியன்று, விற்பனை, தண்டனைக்குரிய குற்றம். எங்கள் மூத்த செவிலியர் அவரை விரட்டிவிட்டு, குழந்தைகள் நலக்குழுவுக்குச் சொன்னார்.

குழுவினர் அந்தப் பெண்ணிடம் கோபித்துப் பேசவில்லை. வளர்க்க இயலாத தாய் தன் குழந்தையைக் குழுவின் முன் எழுத்து மூலம் ஒப்படைக்கலாம், அது குற்றமன்று, அவள் விவரம் வெளியே போகாது, மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று விளக்கினார்கள். அவள் கையெழுத்திட்டாள். ஐம்பதாம் நாள் அவளும் தாயாரும் ஓர் அப்பத்தாவும் மூவராக வந்தார்கள். அப்பத்தாதான் பேசினார்: “நாலு பேரு நாலு சொல்லுவாக. சொல்லிட்டுப் போகட்டும். எம் பேத்தியக் குடுங்க.” குழந்தை வீடு திரும்பியது. இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள்.

இங்கும் இரண்டு மாதக் காத்திருப்பு இருந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பு ஒரு குழந்தைக்குத் தாயைத் திருப்பித் தந்தது. ஆகவே எல்லாத் தாமதமும் தீது என்று நான் சொல்ல வரவில்லை.

சட்டம் ஏன் நிதானிக்கிறது?

ஒரு காலத்தில் இந்தியக் குழந்தைகள் வெளிநாட்டுக்குச் செல்வதற்குத் தெளிவான சட்டம் இல்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ், வெளிநாட்டவர் காப்பாளராக நியமனம் பெற்று இங்கிருந்து குழந்தையைக் கொண்டு செல்வார்கள். இதில் நடக்கும் முறைகேடுகளைச் சுட்டிக்காட்டி, 1982-இல் லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார். முதலில் நம் நாட்டிலேயே பெற்றோரைத் தேடவேண்டும், பெற்ற தாய்க்கு மறுபடி எண்ணிப் பார்க்க அவகாசம் தரவேண்டும், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாகவே தத்து நடக்கவேண்டும் என்ற நெறிகள் அதிலிருந்து பிறந்தன. 1990-இல் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையம் தோன்றியது. 1993-இல் ஹேக் நகரில் உருவான பன்னாட்டு ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது.

இத்தனை வேலிகள் இருந்தும் ஆடு நுழைந்தது. சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் அனாதைகள் என்ற பெயரில் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-இல் அம்பலமாயிற்று. ஒரு புறம் மகளைப் பெற்றதாக மகிழ்ந்த குடும்பம். மறுபுறம் மகளைத் தேடித் தெருத்தெருவாக அலைந்த தாய். இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இப்படிக் குழந்தைகள் கொண்டுவரப்பட்டதை விசாரித்த நெதர்லாந்து அரசு, 2021-இல் வெளிநாட்டுத் தத்தையே சில காலம் நிறுத்தி வைத்தது.

ஆகவே பெற்றோரைத் தேடுவதற்கும், தாய்க்கு அவகாசம் தருவதற்கும், எடுப்பவரை ஆராய்வதற்கும் ஆகும் நாட்களை நான் குறை சொல்லமாட்டேன். அவை குழந்தைக்கு வேலி. ஆனால் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கும் நாட்களும், ஒரு நாள் தேதி வேறுபாட்டுக்காக ஓடும் மாதங்களும் வேலியல்ல; வெறும் முள். 2018 ஜூலையில் நாடெங்கும் நீதிமன்றங்களில் 629 தத்து வழக்குகள் முடிவடையாமல் இருந்தன. நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே செல்லவேண்டியிருந்த இத்தகைய மனுக்கள், சட்டத் திருத்தத்தின்படி 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரிடம் செல்கின்றன. விரைவுக்காகச் செய்த மாற்றம் அது. ஆனால் மேசை மாறினால் மட்டும் போதாது. மேசைக்கு முன் இருப்பவரின் மனம் விரைய வேண்டும்.

இன்னொன்றையும் இவ்விரு குழந்தைகளும் எனக்குக் கற்பித்தார்கள். ஒரு குழந்தை எவ்வளவு காலம் காத்திருக்கப் போகிறாள் என்பது, அவள் எப்படி விடப்பட்டாள் என்பதிலேயே பெரும்பாலும் தொடங்கிவிடுகிறது. கண்மாய்க் கரையில் போடப்பட்டவளுக்கு எறும்பும் குளிரும் முதல் ஆபத்து. பிழைத்தாலோ தேடல், அறிவிப்பு, அறிக்கை என்று நீளும் வழி. ஒப்படைக்கப்பட்டவளுக்கு உயிர்க்கு ஆபத்தில்லை; தாய் யாரென்று தெரியும்; அறிக்கைக்காக நிற்க வேண்டியதில்லை. தாய் திரும்ப வந்தால் வீடு. வராவிட்டால் இரண்டு மாதத்தில் புதுப் பெற்றோரைத் தேடத் தொடங்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

1986-இல் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படும் செய்தியைப் பத்திரிகை ஒன்று வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2001-இல் மதுரை, தேனி முதலிய மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. கொல்லாதே, தொட்டிலில் விட்டுவிடு என்பதே அதன் குரல். கத்தோலிக்கத் திருச்சபையில் இது பழைய வழி. பாரிஸ் நகரத்தில் தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காக 1638-இல் புனித வின்சென்ட் தே பவுலும் அவருடைய சகோதரிகளும் தொடங்கிய பணியை நம் அருட்சகோதரிகள் நன்கறிவார்கள்.

மாணவிகளே, கேட்பாரற்ற பச்சிளங்குழந்தையைக் காண நேர்ந்தால் முதலில் ஈரத் துணியை நீக்கி, உலர்ந்த துணியால் தலையோடு சேர்த்துச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். சேனையோ சர்க்கரைத் தண்ணீரோ வாயில் வைக்க வேண்டாம். கொடியை இழுக்க வேண்டாம். 108-க்கும், குழந்தைகளுக்கான 1098-க்கும் உடனே சொல்லுங்கள். சொல்லாமல் நாமே வைத்துக்கொள்வது இரக்கமாகத் தோன்றினாலும் சட்டப்படி குற்றம்.

உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில், ஒரு பெண் தன் வயிற்றை மறைத்துக்கொண்டு தனியே அழுவதைக் கண்டால், ஊருக்குச் சொல்லாதீர்கள். அவளிடம் சொல்லுங்கள்: மருத்துவமனைக்கு வா; வளர்க்க முடியாவிட்டால் ஒப்படைக்கலாம்; உன்னை யாரும் தண்டிக்கமாட்டார்கள். இந்த ஒரு செய்தி உரிய நேரத்தில் எட்டியிருந்தால், நூலால் கொடியைக் கட்டிய அந்தக் கை கண்மாய்க் கரைக்குப் போயிருக்காது.

பெற்றோர்களே, மகள் தவறினாள் என்று கதவைச் சாத்துவது எளிது. சாத்திய கதவுக்கு வெளியே நிற்பவள் ஒருத்தி அல்ல, இருவர். அந்த அப்பத்தாவின் சொல்லை நினைவில் வையுங்கள். தத்தெடுக்க எண்ணுவோரும், உதட்டுக் கோட்டையும் தோல் நிறத்தையும் பாராமல் குழந்தையைப் பாருங்கள். அக்கம்பக்கத்தாரோ, சொந்தப் பிள்ளையா, எடுத்த பிள்ளையா என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். எடுத்தபின் சொந்தந்தானே?

இறுதியாக ஒன்று. இந்தப் பள்ளியிலிருந்து செல்லும் தங்கையரில் நாளை ஒருத்தி காவல் ஆய்வாளராகலாம். ஒருத்தி குழந்தைகள் நலக்குழுவில் அமரலாம். ஒருத்தி மாவட்ட ஆட்சியராகவும் ஆகலாம். அன்று ஒரு குழந்தையின் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். அதன் ஓரத்தில் அது வந்த தேதியை மட்டும் குறிக்காதீர்கள். அன்றைக்குக் குழந்தைக்கு எத்தனை மாதம், எத்தனை நாள் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். எழுதிவிட்டால், அந்தத் தாளை மறுநாளைக்கு ஒத்திவைக்க உங்களுக்கு மனம் வராது.